கியர் மாற்றியவன் வாங்கும் கோப்பி

கொர்னேலியஸின் முதுகுக்குக் காது உண்டு என்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேச்சு இருந்தது. சும்மா வேடிக்கைக்குச் சொன்னதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துச் சாய்ந்து உட்கார்ந்தார் என்றால், நாலு சிலிண்டரில் எது சோம்பலாக இருக்கிறது என்று பானட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அய்யாவு முதலாளியின் பழைய அமெரிக்க வாடகைக் காரை ஏழு வருஷம் ஓட்டியவர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு, கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு. ஆள் சேர்ந்தால் கிளம்ப வேண்டியது, இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியது. அதுதான் அவர் ஜீவியம்.

அவர் அப்பா ரயில் பாதை போட்ட கூட்டத்தோடு வந்தவர். மனைவி பிலோமினா வீட்டில் தையல் மெஷின் வைத்து டிரைவர்களுக்கும் ரயில்வே ஆட்களுக்கும் காக்கி தைப்பாள். பிள்ளை இல்லை. அதை ஊர்தான் குறையாகப் பேசியதே தவிர அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத மனுஷர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். எவனாவது மாட்டை அடித்து வண்டி ஓட்டினால் மட்டும் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போவார். வாயில்லாத ஜீவன் கஷ்டப்படுவது அவருக்குத் தாங்காது. இன்ஜினையும் அவர் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார். அப்படிப்பட்ட நல்ல மனசுதான் ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றப் பார்த்தது. எப்படி என்று கேளுங்கள்.

கிள்ளான் ரோட்டில் ஒன்பதாம் கட்டையில், அதாவது ஒன்பதாவது மைல் கல்லில், ஒரு மேடு இருந்தது. பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் நீளம், சாமானியத்தில் முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். உச்சியில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நடத்தும் கோப்பிக் கடை. டிரைவர்கள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தங்கள் தொண்டைக்குக் கோப்பி ஊற்றுவதும் அங்கேதான். அந்தக் கடை பெஞ்சில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. மேட்டை டாப் கியரிலேயே ஏறி வருகிறவன் டிரைவர். நடுவில் கியரைக் குறைத்தவன் பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் கோப்பி வாங்க வேண்டும். ஏமாற்ற முடியாது, கியரைக் குறைத்ததும் இன்ஜின் கத்துவது மேலே வரைக்கும் கேட்கும். "கோப்பிக்காரன் வந்துட்டான்டோய்!" என்று பெஞ்சு கூச்சல் போடும்.

கொர்னேலியஸ் ஏழு வருஷத்தில் ஒரு கோப்பிகூட வாங்கியதில்லை. அந்தப் பழைய கார் அப்படி. பெரிய இன்ஜின், மெதுவாகச் சுற்றும். ஆனால் சுற்ற ஆரம்பித்த உடனேயே இழுக்கும். ஆறு பேரையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, ஆள் ஓடுகிற வேகத்துக்கு இறங்கினாலும் சரி, ஒவ்வொரு வெடியையும் எண்ணிவிடலாம் போல நிதானமாக ஏறும். முதுகில் யாரோ ஒரு கையை வைத்து மெள்ளத் தள்ளுகிற சுகம். வேகம் மட்டும் கேட்கக் கூடாது. முப்பத்தைந்து மைலைத் தாண்டினால் எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடுமே தவிர வண்டி போகாது. அவருக்கு வேகம் எதற்கு?

பிறகு அய்யாவு முதலாளி இரண்டாவதாக ஒரு புது இங்கிலீஷ் கார் வாங்கினார். ஆறு சிலிண்டர், எல்லாம் சின்னச் சின்னது. பழையதைவிடப் பன்னிரண்டு குதிரை சக்தி கூடுதல் என்று விற்றவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டு குதிரையா என்று பெஞ்சு வாயைப் பிளந்தது. கொர்னேலியஸ் பழைய காரை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், புதுக் கார் விஜயன் கைக்குப் போனது.

விஜயனுக்கு அப்போது இருபத்தாறு வயது. டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். லோரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, தானாகவே ஓட்டக் கற்றவன். மனைவி இராஜம்மா, ஒரு கைக்குழந்தை. பெரியவர்கள் முன்னால் குரல் உயராது. ஆனால் காரை எடுத்தானோ, அதற்கும் சேர்த்து இன்ஜின் குரல் கொடுக்கும்! ஒன்பதாம் கட்டை மேட்டின் அடிவாரத்திலேயே கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மூன்றாவது கியரை வெண்ணெயாக விழவைப்பான். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும். கார் மேட்டைப் பறந்து கடக்கும். அப்புறம் சிரித்துக்கொண்டே இறங்கி எல்லோருக்கும் கோப்பி வாங்குவான். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்.

கொர்னேலியஸுக்கு வயிறு எரிந்தது. பொறாமையில் இல்லை, சத்தியமாக அந்த இன்ஜினை நினைத்துத்தான்.

"ஏண்டா தம்பி, அது அழுவுதே, கேக்கலியா உனக்கு?"

"அழுவலண்ணே. அப்படிச் சுத்தவிட்டாத்தான் இழுக்குது. கீழ வச்சா செத்தாப்ல நிக்குது."

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா நீ?"

விஜயன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் அவர் எதிரில் இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த 1930-இல் ரப்பர் விலை விழுந்த வீழ்ச்சி இருக்கிறதே, சொல்லி மாளாது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். கிள்ளானுக்கு நாலு நடை போன கார் இரண்டு நடைக்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அய்யாவு முதலாளி கொர்னேலியஸைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு காருதான் கட்டுப்படியாகும். பழச வித்துடுறேன். புதுச யாரு கையில குடுக்கலாம்? நீயே சொல்லு."

"விஜயன் கையில இருந்தா ஆறு மாசம் தாங்காது மொதலாளி. இன்ஜினப் போட்டுக் கொல்றான்."

அவர் பொய் சொல்லவில்லை, நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பதிலுக்குள்ளே தன் வேலையும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சொன்னார். மறுநாள் விஜயன் சாவியைக் கொடுத்துவிட்டு, "வரேண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

புதுக் காரை எடுத்த முதல் நாளே கொர்னேலியஸின் முதுகு முனகியது. தள்ளுகிற கையைக் காணோம். டாப் கியரில் மெதுவாக விட்டால் கார் நடுங்கியது, இருமியது, மேட்டைக் கண்டால் மூச்சுவிட மறந்தது. "பாவி, இன்ஜினக் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டானே!" என்று விஜயனைத் திட்டினார். பெஞ்சும் ஆமாம் போட்டது. நாலு மாசம் இப்படியே ஓடியது. மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார். மேட்டுக்கு அரை மைல் முன்னாலிருந்தே விரட்டிக்கொண்டு வந்து, அந்த வேகத்திலேயே எப்படியோ உச்சியைத் தொட்டுவிடுவார். கோப்பி வாங்க வேண்டிய நிலைமை வரவில்லை, அதுவரைக்கும்.

ஒரு சனிக்கிழமை கார்த்திகேசு என்பவர் காரைப் பிடித்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் வரைபடம் போடுகிற யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி, மச்சான், மச்சான் குடும்பம், பலகாரக் கூடைகள் என்று கார் நிறைந்துவிட்டது. மேட்டுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. கொர்னேலியஸ் பிரேக்கை மிதித்தார். விரட்டி வந்த வேகமெல்லாம் அங்கேயே போயிற்று. மாட்டுவண்டி ஒதுங்கியதும் டாப் கியரிலேயே ஏற ஆரம்பித்தார். பாதி மேட்டில் கார் குலுங்கியது, ஒரு உதறு உதறி நின்றது, பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது! மாதாவே என்று பிரேக்கின்மேல் ஏறி நின்றார். பின்சக்கரம் ரோட்டோரக் கால்வாயில் இறங்கி, நல்லவேளை, அதோடு நின்றது. யாருக்கும் அடியில்லை. பெண்கள் அலறி அடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

உச்சியிலிருந்து டிரைவர்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தனும் கிண்டல் பண்ணவில்லை. "அண்ணே... நீங்களா?" என்றான் ஒருவன். அதற்கு அவன் நாலு அறை விட்டிருக்கலாம். எல்லோரும் சேர்ந்து காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். விஜயன் இன்ஜினைக் கெடுத்துவிட்டதாக அவர் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தபோது, கார்த்திகேசு தன் கைப்பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து மட்கார்டின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார்.

"இன்ஜினில ஒரு பழுதும் இல்லை காணும். இஞ்ச பாரும். இது சக்கரத்தைத் திருகிற பலம், இழுவை. உம்மட பழைய காருக்குத் துவக்கத்திலேயே இழுவை உச்சியில நிக்கும், சுத்து ஏற ஏறச் சரிஞ்சு போகும்." இடது பக்கம் நிமிர்ந்து வலது பக்கம் தாழ்கிற ஒரு கோடு. அதன்மேல் இன்னொன்று, இடது பக்கம் தாழ்ந்து மெல்ல மெல்ல ஏறிப் போகிறது. "இது புதுசு. கீழ ஒண்டும் இல்லை. சுத்தச் சுத்தத்தான் இழுவை வரும்."

"பன்னெண்டு குதிர கூடன்னாங்களே ஐயா?"

"குதிரை எண்டது இழுவையைச் சுத்தின சுத்தால பெருக்கி வாற கணக்கு. சின்ன இழுவை, கனக்கச் சுத்து, அதால குதிரை கூட வருது. உம்மட குதிரையள் எல்லாம் மேல்மாடியில நிக்குது. நீர் கீழ முத்தத்தில நிண்டு கூப்பிட்டா வருமோ? கியரைக் குறைச்சுச் சுத்தவிடும், இறங்கி வரும்."

"கத்துமே ஐயா?"

"கத்தட்டுமன். அதுக்கெண்டே செய்த இன்ஜின்."

 கொர்னேலியஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயந்திரம் கிள்ளானிலிருந்து ஆளில்லாமல் திரும்பினார். மேட்டின் அடிவாரத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிளட்சை இரண்டு தடவை மிதித்து மூன்றாவது கியரைப் போட்டார். ஆக்சிலேட்டரில் காலை வைத்தபோது, ஒரு குழந்தையை அடிக்கக் கை ஓங்கிய மாதிரி இருந்தது அவருக்கு. அழுத்தினார். முதலில் ஒன்றும் இல்லை. சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, பாதத்தின் அடியில் பலகை கிணுகிணுத்தது. சரி, ஏதோ உடையப் போகிறது என்று அவர் பல்லைக் கடித்த அந்த இடத்தில், வந்தது பாருங்கள் ஒரு தள்ளு! முதுகு சீட்டில் அழுந்தியது. கத்தக் கத்த இன்னும் தள்ளியது. நடுக்கம் இல்லை, இருமல் இல்லை, கார் பாடிக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டது. இன்ஜின் சந்தோஷமாக இருந்தது. நாலு மாசமாக அதை மூச்சு முட்ட வைத்தவர் யார் என்று அவருக்கு அப்போது விளங்கியது. "செத்தாப்ல நிக்குதுண்ணே" என்று சொன்ன குரலும் காதில் கேட்டது.

கோப்பிக் கடையில் நிறுத்தாமல் நேரே வந்துவிட்டார்.

அதன்பிறகு மூன்று வாரம். மேட்டில் ஒழுங்காகக் கியரைக் குறைத்தார், ஆனால் கோப்பி வாங்க வேண்டி வருமே என்று கடையில் நிறுத்துவதில்லை. அவசரம் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். விஜயன் எங்கே இருக்கிறான் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே. மனுஷர் நல்லவர்தான்; அதற்காகக் கோழை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இராஜம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை, பின்னால் தெரிந்தவன் ஒருவன் தலைச்சுமையாக ஓர் அம்மிக்கல். பிலோமினா தைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இத நீங்க வச்சிக்கிங்கக்கா. கல்லயெல்லாம் கப்பல்ல கொண்டார வேணாம்னுட்டாங்க. விக்கவும் மனசு வரல."

"கப்பலா? எந்தக் கப்பல்டி?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. வேலை போன பிறகு விஜயன் ரோடு போடும் வேலைக்குப் போயிருக்கிறான், அங்கேயும் ஆள் குறைத்துவிட்டார்கள். வேலையில்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பும் கப்பலில் பெயர் கொடுத்துவிட்டான். வியாழக்கிழமை சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் ஏற வேண்டும். "அவரு இங்கயே பொறந்தவருக்கா. அந்தப் பக்கம் யாரு இருக்கான்னே தெரியாது" என்றாள். அழவில்லை. அம்மியை ஒரு தடவை தடவிவிட்டுப் போய்விட்டாள்.

ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் கொர்னேலியஸ் எல்லாவற்றையும் பிலோமினாவிடம் கொட்டினார். கார்த்திகேசு தாளில் போட்ட கோடுகளையும், மேட்டில் முதுகு அறிந்ததையும், மூன்று வாரம் வாயைத் திறக்காததையும். அவள் தட்டை மூடி வைத்தாள்.

"காருக்கு எரக்கப்பட்டீங்க" என்றாள் கடைசியில். "அந்தப் புள்ளத்தாச்சிக்கு யாரு எரக்கப்படுறதுங்க? ஆமா, அவ ரெண்டாவத உண்டாயிருக்கா, மூணு மாசம். வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. நாளைக்கே மொதலாளிகிட்ட போங்க. இல்லன்னா அந்த அம்மில அரைச்ச கொழம்ப என்னால உங்களுக்கு ஊத்த முடியாது."

மறுநாள் அய்யாவு முதலாளி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, உன் பேச்சக் கேட்டு ஒருத்தன் வயித்துல அடிச்சனே! இப்ப என்ன செய்யச் சொல்ற? காரு ஒண்ணு. ரெண்டு சம்பளம் என்னால குடுக்க முடியாது."

"ஒரு சம்பளந்தான் மொதலாளி. காலையில அவன் ஓட்டட்டும், மத்தியானம் நான். ஆளுக்குப் பாதி."

"பாதிய வச்சு நீ என்னா செய்வ?"

"பிலோமினா தைக்கிறா. பொழச்சிக்குவோம்."

அய்யாவு வாசலைக் காட்டினார். "போ. நீயே போயி உன் வாயால சொல்லிக் கூட்டிட்டு வா."

வியாழக்கிழமை காலையில் கொர்னேலியஸ் அந்தக் காரை ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கியரையும் நன்றாக விளைய விட்டு, இன்ஜின் பாடும்போதுதான் அடுத்ததற்கு மாற்றினார். ஒன்பதாம் கட்டை பின்னால் போனது, கிள்ளான் பாலம் பின்னால் போனது. துறைமுகக் கொட்டகையில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சனம் தகரப் பெட்டிகளோடு வரிசையில் நின்றது. விஜயன் ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். கார் வந்து நின்ற பிறகுதான் திரும்பினான். அவன் முகத்தில் ஆச்சரியம்.

"நீங்களாண்ணே? மூணாவதுல வந்து மாத்துன சத்தம் கேட்டுச்சு. நல்ல டிரைவரு எவனோ வர்றான்னு நெனச்சேன்."

 கொர்னேலியஸ் இறங்கி வந்து அத்தனை பேர் எதிரில் சொன்னார். "நீ சொன்னதுதான்டா சரி. எனக்குத்தான் தெரியல. தெரியாம மொதலாளிகிட்ட உன்னப் பத்திச் சொல்லி, உன் சோத்துல மண்ணப் போட்டேன்."

 இராஜம்மாதான் வெடித்தாள். "அஞ்சு மாசமாண்ணே! இன்னிக்கித்தான் தெரிஞ்சிச்சா உங்களுக்கு?"

"மூணு வாரமாத் தெரியும்மா. வாயத் தொறக்கல."

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். கொர்னேலியஸ் பாதிப் பாதி ஏற்பாட்டைச் சொன்னார். "வந்துருங்கம்மா. அம்மியத் திருப்பிக் குடுத்தாத்தான் எனக்குச் சோறுங்குறா பிலோமினா." கிராணி மூன்றாவது தடவையாக விஜயன் பெயரைக் கூப்பிட்டார். விஜயன் இராஜம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், காரை நோக்கி.

திரும்பி வரும்போது விஜயன்தான் ஓட்டினான். கொர்னேலியஸ் பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் கார் ஒழுங்காகத்தான் வந்தது. ஒன்பதாம் கட்டை மேடு வந்தது. அடிவாரம் கடந்தது. விஜயன் கையைக் கியர் பக்கம் கொண்டுபோகவில்லை.

வேகம் குறைந்தது. கார் லேசாக நடுங்கியது. அந்த முதுகுக்குத் தெரியாதா? அவன் ஏன் டாப் கியரை விடவில்லை என்பதும் தெரிந்தது. மேலே பெஞ்சில் ஆட்கள் இருக்கிறார்கள், பின்னால் இந்த மேட்டில் ஒரு கோப்பிகூட வாங்காத பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். தன்னை வேலையைவிட்டுத் துரத்திய அதே மனுஷரின் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பயல் இன்ஜினின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறான். கொர்னேலியஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கியரப் போடு தம்பி."

"பரவால்லண்ணே, ஏறிரும்."

"ஏறாது. எனக்குத் தெரியும், நான் கால்வாயில உட்டவன். போடுடா!"

விஜயன் கிளட்சை இரண்டு தடவை மிதித்தான். கியர் வெண்ணெயாக விழுந்தது. இன்ஜின் கத்த ஆரம்பித்தது, கத்தக் கத்த முதுகைப் பிடித்துத் தள்ளியது, குழந்தை கைகொட்டிச் சிரித்தது. மேலே பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று கூச்சல் போட்டது.

"கோப்பிக்காரன் வந்துட்டான்டோய்! யாருடா அது?"

கொர்னேலியஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஏழு வருஷத்துக்கு மேலாக அந்த மேட்டில் கோப்பி வாங்கத் தூக்காத கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"நான்தாண்டா!"